ஓரணாச் சிற்றுண்டியும் இரட்டையாட்சியும்: பிட்டி தியாகராயரின் அரசியலில் மாநகராட்சியின் இடம்

1. கேள்வி

தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் சர் பிட்டி தியாகராயருக்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக் கதைக்குள் அடங்கிவிடுகிறது. 1916 நவம்பரில், பின்னாளில் நீதிக்கட்சி என அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் தொடக்கம், டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை, 1920இல் தேடிவந்த முதல் மந்திரி பதவியை வேண்டாமென்றது, 1925 ஏப்ரல் 28இல் மறைவு. மேடைப் பேச்சிலும் பாடநூலிலும் இந்த நான்குமே திரும்பத் திரும்ப வருகின்றன. சென்னை மாநகராட்சி மன்றத்தில் அவர் 1882 தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார் என்பதும் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அது நீண்ட பொதுவாழ்வுக்குச் சான்றாக ஒரு வரியில் வந்து போகும். அவருடைய அரசியலை விளக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

அந்த நாற்பது ஆண்டுகளை மையத்தில் வைத்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தண்ணீர்க் குழாய், சாக்கடை, வீட்டுவரி, ஆரம்பப் பள்ளி ஆகியவற்றைப் பேசிப் பழகிய ஒருவர் மாகாணச் சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியின் தலைவரானபோது, பழைய பழக்கம் அவருக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே அவரைக் கட்டிப்போட்டது? உள்ளாட்சி சட்டமன்றத்துக்கான பயிற்சிக்களம் என்ற பொதுக்கருத்தை இந்த ஒரு வாழ்க்கை எந்த அளவுக்குத் தாங்குகிறது?

மாநகராட்சி தியாகராயருக்குச் சட்டமன்றத்துக்குள் நுழையும் வழியை மட்டும் தரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். எதை அரசியல் என்று கருதுவது, எதை நிருவாகம் என்று விட்டுவிடுவது என்ற பார்வையையும் அதுவே தந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கொண்டுவந்த இரட்டையாட்சி ஏறத்தாழ நகராண்மைத் துறைகளையே இந்திய மந்திரிகளின் கையில் கொடுத்ததால், அந்தப் பார்வை அவருக்குச் சட்டமன்றத்திலும் பொருந்தியது. அவருடைய பலமும் எல்லையும் இந்தப் பொருத்தத்திலேயே இருந்தன.

2. இதுவரையிலான வாசிப்புகள்

நீதிக்கட்சி பற்றிய ஆய்வில் இரு நிலைப்பாடுகள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. யூஜின் இர்ஷிக் 1969இல் வெளியிட்ட நூல், கல்வியிலும் அரசுப் பணியிலும் பிராமணர் பெற்றிருந்த மேலாதிக்கத்துக்கு எதிரான சமூக முரண்பாட்டின் வெளிப்பாடாக இவ்வியக்கத்தைக் காண்கிறது. கேம்பிரிட்ஜ் வழி ஆய்வாளர்களான டேவிட் வாஷ்புரூக்கும் கிறிஸ்டோபர் பேக்கரும் 1970களின் நடுவில் இதை மறுத்தனர். உள்ளூர்ச் செல்வாக்காளர்கள், காலனியரசு புதிதாகத் திறந்துவிட்ட நிறுவனங்களுக்குள் நுழைந்து பதவிக்கும் சலுகைக்கும் போட்டியிட்ட கதையே மாகாண அரசியல் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பிராமணரல்லாதார் என்ற அடையாளம்கூட அந்தப் போட்டியில் அரசின் துணையோடு உருவானது என்றார் வாஷ்புரூக்.

பின்னர் வந்தவர்கள் இந்த இருமையைத் தாண்ட முயன்றனர். வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும் அயோத்திதாசரிலிருந்து பெரியார்வரை நீளும் கருத்து வரலாற்றுக்குள் நீதிக்கட்சியை வைத்துப் பார்த்தனர். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 2007இல் வெளிவந்த நூலில், பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் வகைமைகள் காலனியச் சூழலில் எப்படிப் பொருள்பெற்றன என்பதை ஆராய்ந்தார்.

இந்த வாசிப்புகள் எல்லாவற்றிலும் உள்ளாட்சிக்கு இடமுண்டு. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் ஒரே வகையானது. கேம்பிரிட்ஜ் ஆய்வுகளில் உள்ளாட்சி செல்வாக்கைக் குவிக்கும் களம்; ஜில்லா போர்டுத் தலைவர் சாலைக் குத்தகையையும் நியமனங்களையும் வைத்துத் தன் ஆட்களைச் சேர்க்கிறார். கருத்து வரலாற்றாளர்களுக்கோ உள்ளாட்சி பின்னணிக் காட்சி. உண்மையான விவாதம் அறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் நடக்கிறது. உள்ளாட்சி ஒரு வேலைமுறை, அந்த வேலைமுறைக்கும் அரசியல் விளைவு உண்டு என்ற கோணம் இரண்டு தரப்பிலும் மெலிவாகவே இருக்கிறது. தியாகராயர் இந்தக் கோணத்தைச் சோதிக்க ஏற்றவர். அவர் ஜமீன்தார் அல்லர்; வக்கீலும் அல்லர். மாகாண அரசியலுக்கு அவர் கொண்டுவந்த முதலீடு வணிகமும் மாநகராட்சியும்தான்.

3. மாநகராட்சி கற்றுத் தந்தது: 1882–1916

வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் தலசுயாட்சித் தீர்மானம் 1882 மே 18இல் வெளியானது. உள்ளாட்சி முதன்மையாக மக்களுக்கான அரசியல் கல்வி, நிருவாகத் திறன் அதற்கு அடுத்ததே என்பது அத்தீர்மானத்தின் உள்ளக்கிடக்கை. அதே ஆண்டில் முப்பது வயதுத் தியாகராயர் மாநகராட்சி உறுப்பினரானார். 1878ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழிசெய்திருந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விகிதத்தை உயர்த்தியது. வாக்குரிமை சொத்துள்ளோர்க்கே என்பதால் ஒரு வார்டின் வாக்காளர் பட்டியல் கைக்கடக்கமானது. உறுப்பினருக்குத் தன் வாக்காளர்களை வீடுவீடாகத் தெரிந்திருக்கும்.

தியாகராயர் வடசென்னைக்காரர். தெலுங்கு பேசும் தேவாங்கர் எனும் நெசவாளர் சமூகத்தில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, குடும்பத் தொழிலுக்குத் திரும்பியவர். அவருடைய தறிகளில் நெய்த கைக்குட்டைகள் அவர் குடும்பப் பெயராலேயே அறியப்பட்டன. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் தொடங்கிய பள்ளி பின்னாளில் தியாகராயர் கல்லூரியாக வளர்ந்தது. 1909இல் உருவான தென்னிந்திய வர்த்தக சபையின் தலைமைப் பொறுப்பையும் அவர் நெடுங்காலம் ஏற்றிருந்தார். தொழிலும் குடியிருப்பும் பள்ளியும் வார்டும் ஒரே நிலப்பரப்பில் அமைந்திருந்த வாழ்க்கை அது.

மன்றத்தில் அவர் இருந்த காலத்தில் சென்னையின் பெரிய வாதங்கள் குடிநீரையும் வடிகாலையும் சுற்றியே நடந்தன. செங்குன்றம் ஏரியிலிருந்து வந்த நீர் வடிகட்டப்படாமலே நெடுங்காலம் வீடுகளுக்குப் போயிற்று. பொறியாளர் மேட்லியின் திட்டப்படி கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் செயல்பாட்டுக்கு வந்தது. இத்தகைய திட்டங்களில் உறுப்பினரின் வேலை இரண்டு: எந்தப் பகுதிக்கு முதலில் போகும் என்று வாதாடுவது, அதற்கான கடனையும் வரியையும் எவ்வளவு தாங்கலாம் என்று கணக்குப் பார்ப்பது. செயலதிகாரம் ஐ.சி.எஸ். அதிகாரியான தலைவரிடம் இருந்தது. மன்றம் கேள்வி கேட்கலாம், ஒதுக்கீட்டைக் குறைக்கலாம், கூட்டலாம். நிருவாகத்தைத் தானே நடத்த முடியாது. இந்தப் பிரிவினை பிற்பாடு முக்கியமாகிறது.

எதிராளிகளோடு வேலைசெய்யும் பழக்கமும் மன்றத்தில்தான் வந்தது. டாக்டர் டி.எம். நாயரும் தியாகராயரும் மாநகராட்சி மன்றத்தில் எதிரெதிர் அணியினர். அவர்களை ஓரணியில் கொண்டுவந்தவர் டாக்டர் சி. நடேசனார். 1916இல் ஒரு கட்சியின் இரு தூண்களாக நின்ற இவ்விருவரும் அதற்கு முன்பே ஒருவர் பலத்தையும் பலவீனத்தையும் மற்றவர் நன்கறிந்தவர்கள். இந்த அறிமுகத்தை ஏற்படுத்தியது கொள்கை மேடை அல்ல. வரவுசெலவுத் திட்டத்தின் மேல் நடந்த சண்டை.

4. சட்டம் போட்ட ஏணி

உள்ளாட்சி அரசியல்வாதிகள் சட்டமன்றத்துக்குப் போனதை இயல்பான வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். சட்டங்களைப் பார்த்தால் அது திட்டமிட்டுப் போடப்பட்ட ஏணி என்று தெரியும். 1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படியும், 1909ஆம் ஆண்டு மின்டோ–மார்லி சீர்திருத்தப்படியும் மாகாணச் சட்டசபைக்கு ஆள் அனுப்பும் உரிமை நேரடியாக மக்களுக்கு இல்லை. சென்னை மாநகராட்சிக்கு ஓர் இடம். நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் தொகுதி தொகுதியாகச் சேர்ந்து சில இடங்கள். ஜமீன்தார்கள், வர்த்தக சபை, பல்கலைக்கழகம் ஆகியோருக்குத் தனித்தனி இடங்கள். அதாவது, தனி இடங்கள் நீங்கலாக, சட்டசபை உறுப்பினரின் வாக்காளரே உள்ளாட்சி உறுப்பினர்தான். வார்டில் வெல்லாதவருக்கு மாகாணத்தின் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவு 1916இல் தெரிந்தது. அவ்வாண்டு தேர்தல்களில் பிராமணரல்லாத பிரமுகர்கள் வரிசையாகத் தோற்றனர். இம்பீரியல் சட்டசபைக்குப் போட்டியிட்ட நாயர், வி.எஸ். சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். தியாகராயரும் தம் தேர்தலில் வெற்றிபெறவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் மன்றத்தில் இருந்தவர் தோற்றார் என்பதைக் கேம்பிரிட்ஜ் வாசிப்பு தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும்: பதவிக்கான பாதை அடைபட்டதும் சாதியின் பேரால் அணிதிரண்டனர் என்று. காலவரிசை இதற்கு இடம் கொடுக்கிறது; தோல்விக்குச் சில மாதங்களிலேயே சங்கமும் அறிக்கையும் வந்துவிட்டன.

ஆயினும் தோல்வி எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சில டஜன் பேர் வாக்களிக்கும் மறைமுகத் தேர்தலில் தனிப்பட்ட செல்வாக்கைவிட, வாக்காளர்களாக இருந்த வக்கீல்கள், பொதுவாழ்வுப் பிரமுகர்கள் ஆகியோரிடையே நிலவிய வலைப்பின்னலே முடிவைத் தீர்மானித்தது. அந்த வலைப்பின்னல் சாதிவழிப்பட்டது என்ற இர்ஷிக்கின் சான்றுகளை இத்தோல்வி வலுப்படுத்துகிறது. பதவி ஆசை, சமூகக் குறை என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்த இங்கே தேவையில்லை. ஏணியின் மேற்படி யாருக்கு வசப்படுகிறது என்ற அனுபவத்தின் வழியாகவே சமூகக் குறை தியாகராயரின் தலைமுறைக்கு அரசியல் வடிவம் பெற்றது.

5. 1920: மன்றத் தலைவரும் கட்சித் தலைவரும்

1919–20இல் இரண்டு சட்டங்கள் தியாகராயரின் நிலையை மாற்றின. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் மன்றத் தலைமையையும் செயலதிகாரத்தையும் பிரித்தது. தலைவரை மன்றமே தேர்ந்தெடுக்கும். நிருவாகம் கமிஷனரிடம் இருக்கும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட, அதிகாரியல்லாத முதல் தலைவர் தியாகராயர். இன்னொரு பக்கம் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் மாகாணச் சட்டமன்றத்துக்கு நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தது. காங்கிரஸ் புறக்கணித்த 1920 தேர்தலில் நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்றது.

ஆளுநர் வில்லிங்டன் அமைச்சரவை அமைக்க அழைத்தபோது தியாகராயர் மறுத்துவிட்டார். ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். அவரும் தென்னார்க்காடு ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர்தான். உடல்நிலையால் 1921இல் அவர் விலக, பனகல் அரசர் பொறுப்பேற்றார்.

பதவி மறுப்புக்குத் துறவு மனப்பான்மையே காரணம் என்பது கட்சி மரபில் நிலைத்துவிட்ட விளக்கம். 'வெள்ளுடை வேந்தர்' என்ற பட்டமும் அந்தப் படிமத்துக்கு உரமூட்டியது. இவ்விளக்கத்தை முற்றாகத் தள்ளத் தேவையில்லை. அறுபத்தெட்டு வயதில் மந்திரி சம்பளத்தின் தேவை அவருக்கு இருக்கவில்லை. ஆனால் மறுப்புக்குப் பிறகு அவர் ஒதுங்கியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டமன்றக் கட்சியின் கடிவாளத்தைத் தம் கையில் வைத்திருந்தார்; மந்திரிகள் தேர்வில் அவர் சொல் எடுபட்டது. 1923இல் சி.ஆர். ரெட்டி முதலானோர் கட்சியிலிருந்து விலகி எதிரணியில் சேர்ந்தபோது, தலைமை எதேச்சதிகாரமாக நடக்கிறது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில் பனகல் அமைச்சரவைமீது அவர்கள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது.

மந்திரியாகாமல் மந்திரிகளை நடத்தும் இந்த முறையை மாநகராட்சியோடு ஒப்பிட்டால் அதன் தர்க்கம் விளங்குகிறது. தலைவர் மன்றத்தை நடத்துவார். கோப்புகள் கமிஷனரிடம் போகும். நாற்பது ஆண்டுகள் தியாகராயர் பழகிய அதிகாரம் விவாதத்தின், பெரும்பான்மையின், ஒதுக்கீட்டின் அதிகாரம். நேரடி நிருவாகத்தை அவர் என்றும் நடத்தியதில்லை. 1920இல் அவர் தேர்ந்துகொண்ட இடம் தியாகமாகவும் இருக்கலாம். அவருக்குக் கைவந்த இடமாகவும் இருந்தது.

6. இரட்டையாட்சி: பெரிதாக்கப்பட்ட நகராண்மை

இரட்டையாட்சியில் துறைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. காவல், நீதி, நிலவரி, நீர்ப்பாசனம், நிதி ஆகியவை ஆளுநரின் நிருவாகக் குழுவிடம் ஒதுக்கப்பட்டன. தலசுயாட்சி, கல்வி, பொதுச் சுகாதாரம், மருத்துவம், வேளாண்மை, தொழில், கலால் ஆகியவை மந்திரிகளுக்கு மாற்றப்பட்டன. இரண்டாவது பட்டியலை ஒரு நகரசபை உறுப்பினர் படித்தால் அவருக்கு அதில் புதிதாக எதுவும் தெரியாது. பள்ளி, மருந்தகம், சாக்கடை, சந்தை: எல்லாம் அவருடைய கூட்டக் குறிப்பில் ஏற்கெனவே இருப்பவை. அவருக்குத் தெரியாதவை எல்லாம் முதல் பட்டியலில் இருந்தன.

பணமும் அப்படியே. மெஸ்டன் குழுவின் ஏற்பாட்டின்படி சென்னை மாகாணம் மத்திய அரசுக்கு ஆண்டுக்கு 348 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. மாகாணங்கள் செலுத்திய மொத்தத் தொகையான 983 லட்சத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மிச்சத்தைப் பகிர்வதில் நிதி உறுப்பினரின் கை மேலோங்கியது. நீர்ப்பாசனம் இல்லாத வேளாண்மைக்கும், காடுகள் இல்லாத வளர்ச்சித் துறைக்கும் தாம் மந்திரியாக இருந்ததாக கே.வி. ரெட்டி நாயுடு பிற்பாடு சொன்னது இரட்டையாட்சி பற்றிய நூல்களில் தவறாமல் இடம்பெறும் சாட்சியம். உள்ளாட்சியில் பழகியவர்களுக்கு இந்தக் குறை பழக்கப்பட்டது. மாநகராட்சியும் தன் தேவைக்கு அரசின் ஒப்புதலோடு கடன் வாங்கி, அரசின் தணிக்கைக்கு உட்பட்டுச் செலவழித்த அமைப்புத்தான்.

இந்த எல்லைக்குள் நீதிக்கட்சி ஆட்சி செய்தவை சிறியவை அல்ல. அரசுப் பணி நியமனங்களில் சமூகவாரியான கணக்கைக் கோரிய அரசாணை எண் 613, 1921 செப்டம்பர் 16இல் வெளிவந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. 1922இல் தொழில்களுக்கு அரசு உதவி அளிக்கும் சட்டம் நிறைவேறியது. இவற்றின் பொதுத்தன்மை கவனிக்கத்தக்கது: யார் இடம்பெறுவது, யார் வாக்களிப்பது, யாருக்கு உதவி என்ற பங்கீட்டுக் கேள்விகளே இவை. வரி அமைப்பு, நிலவுடைமை, காவல் ஆகியவை ஆட்டத்துக்கு வெளியே இருந்தன; ஆட்டத்தின் விதி அப்படி.

நகரத்தின் வரைபடமும் இதற்கு ஒரு சான்று. நீண்ட ஏரியின் நிலப்பரப்பில் 1920களின் நடுவில் உருவான தியாகராய நகரில் பனகல் பூங்காவும் தியாகராயர் சாலையும் இருக்கின்றன. நீதிக்கட்சிக்காரரும் மாநகராட்சித் தலைவராகவும் பின்னர் ஆளுநரின் நிருவாகக் குழு உறுப்பினராகவும் இருந்தவருமான முகமது உஸ்மானின் பெயரில் உஸ்மான் சாலை இருக்கிறது. மாநகராட்சியை நிருவகித்த ஐ.சி.எஸ். அதிகாரி மலோனிக்கும் ஒரு சாலை உண்டு. மாகாண அரசியலும் நகராண்மையும் ஒரே ஆட்களால் நடந்த காலத்தின் பெயர்ப்பலகைகள் இவை.

7. ஆயிரம் விளக்குப் பள்ளி: ஒரு சோதனை

தியாகராயரின் உள்ளாட்சிப் பணியில் இன்று அதிகம் பேசப்படுவது பள்ளிச் சிற்றுண்டித் திட்டம். 1920 செப்டம்பர் 16இல் மாநகராட்சி மன்றம் அவர் தலைமையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம். பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்பது தலைவர் சொன்ன காரணம்.

இந்தக் காரணம் சொல்லப்பட்ட விதத்தில் நகராண்மைக்காரரின் கை தெரிகிறது. பசி தீர்ப்பது அறம் என்று அவர் தொடங்கவில்லை. பள்ளி இருக்கிறது, ஆசிரியருக்குச் சம்பளம் போகிறது, பிள்ளைகள் வரவில்லை; இந்த இடைவெளியை அடைக்க ஓரணா. உச்சவரம்பைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டதால் மன்றத்தில் யாரும் பெருஞ்செலவு என்று அஞ்ச முடியாது. திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922–23இல் 811, 1924–25இல் 1,671. எல்லாப் பிள்ளைகளும் தினமும் உண்டதாகவே வைத்துக்கொண்டாலும், உச்சவரம்பின்படி நாள் செலவு 105 ரூபாயைத் தாண்டாது.

எண்ணிக்கை இரண்டாண்டில் இரட்டித்ததற்குச் சிற்றுண்டி மட்டுமே காரணம் என்று எழுதிவிட முடியாது. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி விதிக்கும் அதிகாரம் தந்திருந்தது. மாநகராட்சிப் பள்ளிகளின் பொதுவான விரிவும் அதில் சேரும். ஆனால் உணவுக்கும் வருகைக்கும் உள்ள உறவை ஒரு உள்ளாட்சி மன்றம் தன் சொந்தப் பதிவேட்டை வைத்துக் கண்டுகொண்டது என்பது உறுதி.

சிக்கல் அடுத்து வருகிறது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிட அரசு அனுமதி மறுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நின்றது. தியாகராயர் அந்த மாதக் கடைசியில் காலமானார். அப்போது மாகாணத்தில் இருந்தது பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை. கல்வியும் தலசுயாட்சியும் மந்திரிகளின் துறைகள். கட்சியின் தலைவர் தம் நகரத்தில் தொடங்கிய திட்டத்தை, அவர் கட்சி ஆட்சியிலேயே விதி நிறுத்திவிட்டது.

இந்நிகழ்வை இரண்டு விதமாகப் படிக்கலாம். காலனி நிருவாகத்தின் கெடுபிடி என்பது எளிய விளக்கம். மறுப்பு எந்த மேசையில் எழுதப்பட்டிருந்தாலும் அதைத் திருத்த மந்திரிகள் முனைந்து வெல்லவில்லை என்பதை அது மறைக்கிறது. உள்ளாட்சியில் பிறந்த நல்ல யோசனையைச் சட்டமன்றத்தில் கொள்கையாக மாற்றும் பழக்கம் அக்கட்சிக்கு இருக்கவில்லை என்பது இரண்டாவது விளக்கம். பள்ளிச் சிற்றுண்டி மாநகராட்சியின் விஷயம்; சட்டமன்றத்தில் பேச வேண்டியது நியமனமும் பிரதிநிதித்துவமும் என்ற பாகுபாடு அவர்களிடம் ஆழப் பதிந்திருந்தது. இரண்டாவதே கூடுதல் பொருத்தம். தியாகராயர் ஒரே நேரத்தில் இரு மன்றங்களிலும் இருந்தார். இருந்தும் ஓரணாவை மாகாண வரவுசெலவுத் திட்டத்துக்குள் கொண்டுபோகவில்லை.

இரண்டாண்டு கழித்துத் திட்டம் மீண்டும் தொடங்கி, 25 பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழை மாணவர்களுக்குப் பயன்பட்டது. மாகாணம் தழுவிய கொள்கையாக மதிய உணவு வர 1956 வரை, காமராஜர் காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1920க்கும் 1956க்கும் இடையே நேர்க்கோடு இழுப்பது மேடைக்கு வசதி; நடுவிலுள்ள முப்பத்தாறு ஆண்டுகளே ஆய்வுக்குரியவை.

8. வடசென்னையின் எல்லை

பயிற்சியின் இன்னோர் எல்லை 1921இல் வெளிப்பட்டது. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகளில் அவ்வாண்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் மோதலும் தீவைப்பும் காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. நீதிக்கட்சித் தலைமை வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துத் தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்று குறைகூறியது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். இந்த நிலைப்பாடு அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

கேம்பிரிட்ஜ் வாசிப்பு இதைச் சொல்லி முடித்துவிடும்: உள்ளூர்ச் செல்வாக்காளர்கள் தம் வாக்காளர்களைக் காத்தனர். அதில் உண்மையுண்டு. பெரம்பூரும் வண்ணாரப்பேட்டையும் அக்கம்பக்கம். சொத்துவழி வாக்குரிமையில் வாக்குள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதும் தெளிவு. ஆனால் பிராமணரல்லாதார் என்ற பெயரில் மாகாணம் முழுவதற்கும் பேசுவதாகச் சொன்ன கட்சிக்கு இது வார்டுக் கணக்கைவிடப் பெரிய இழப்பு. மாநகராட்சி அரசியல் தியாகராயருக்கு வரி செலுத்துவோரின் குரலைக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தது. ஓரணா கணக்கில் ஏழைப் பிள்ளையைக் கண்டவர்களாலும், வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்ற சேரியை ஓர் அரசியல் தரப்பாகக் காண முடியவில்லை. பயனாளியாக ஒருவரை ஏற்பதும் பங்காளியாக ஏற்பதும் வேறுவேறு என்பதற்கு 1920–21இன் இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தாலே போதும்.

9. ஒப்பீடும் முடிவும்

தியாகராயரின் வழி அவருக்கு மட்டும் உரியதா? 1910களின் இறுதியில் சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார் இராஜாஜி. ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தார் ஈ.வெ. ராமசாமி. இருவரும் அப்பதவிகளை விட்டுவிட்டுக் காங்கிரஸ் இயக்கத்துக்குள் போனார்கள். ஒத்துழையாமைக் காலத்துக் காங்கிரசுக்கு உள்ளாட்சிப் பதவி துறக்க வேண்டிய ஒன்று. நீதிக்கட்சிக்கு அது பிடித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆனால் 1930களின் நடுவில் காங்கிரசும் ஜில்லா போர்டுத் தேர்தல்களில் இறங்கி வென்றது. 1937 சட்டமன்ற வெற்றிக்கு அது அடித்தளமிட்டது. கொள்கை எதுவாயினும் உள்ளாட்சியைப் பிடிக்காமல் மாகாணத்தைப் பிடிக்க முடியவில்லை. இந்த அளவில் பேக்கரின் வாதம் நிற்கிறது.

அது விளக்காமல் விடுவது, உள்ளாட்சியிலிருந்து ஒருவர் எதைக் கொண்டுவருகிறார் என்பதை. தியாகராயர் விஷயத்தில் மூன்றைச் சொல்லலாம். முதலாவது, பங்கீட்டை அரசியலின் மையமாகக் காணும் பார்வை. வகுப்புவாரி நியமனக் கொள்கை அதன் நிலைத்த விளைவு. இரண்டாவது, நிருவாகத்தைப் பிறர் நடத்த, மன்றத்தின் வழி அதைக் கட்டுப்படுத்தும் முறை. பதவி மறுப்பும் கட்சிமீதான பிடியும் இதோடு இயைந்தவை. மூன்றாவது, மேலிருந்து வரையப்பட்ட நிதி எல்லையை ஏற்றுக்கொண்டு அதற்குள் காரியம் பார்க்கும் பழக்கம். முதல் இரண்டும் அவருக்குச் சட்டமன்றத்தில் பலமாயின. மூன்றாவது, ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஓரணாவை மாகாணத்தின் கேள்வியாக்க விடாமல் தடுத்தது.

ரிப்பன் எதிர்பார்த்த அரசியல் கல்வி நடந்தது. ஆனால் பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் நிதியையும் காவலையும் வாக்காளர் வரம்பையும் அதில் சேர்க்கவில்லை. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அதே பாடத்திட்டத்தை மாகாணத்துக்கு நீட்டியது. ஆகவே உள்ளாட்சியிலிருந்து வந்த சட்டமன்ற உறுப்பினரை மதிப்பிடும்போது, எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. அவர் உறுப்பினராக இருந்த மன்றத்துக்கு எந்த அதிகாரம் இருந்தது, எது இல்லை, அந்த இல்லாமையை அவர் சட்டமன்றத்தில் ஒரு பிரச்சினையாக எழுப்பினாரா என்று கேட்க வேண்டும். தியாகராயர் முதலிரண்டு கேள்விகளுக்கு விடை அறிந்தவர். மூன்றாவதை எழுப்பாமல் விட்டவர். அவருடைய பெருமையையும் குறையையும் ஒருசேர எழுத அந்த மூன்றாவது கேள்வியே உதவும்.